சிறிய படகுக்கு நங்கூரமும் கயிறும்: சிங்கப்பூர்க் கடலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகப் படகு வாங்குபவர்கள் இன்ஜினைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார்கள், நங்கூரத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கமாட்டார்கள். பழைய படகென்றால் முன்பெட்டிக்குள் துருப்பிடித்த மடக்கு நங்கூரம் ஒன்றும், அதோடு 20 அல்லது 30 மீட்டர் கயிறும் ஏற்கெனவே கிடக்கும். "அதான் இருக்கே" என்று விட்டுவிடுவார்கள். மீன்பிடிக்கவோ தீவோரம் நின்று சாப்பிடவோ மட்டும்தான் நங்கூரம் என்று நினைப்பதால் வரும் அலட்சியம் இது.

இன்ஜின் நின்றுபோனால் சிறிய படகுக்கு இருக்கும் ஒரே பிரேக் நங்கூரம்தான். நீரோட்டம் 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடினால் படகு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகரும். பத்து நிமிடம் இன்ஜினோடு மல்லுக்கட்டினால் 600 மீட்டர் போயிருப்பீர்கள். தெற்குத் தீவுகளின் அருகில் அந்த 600 மீட்டருக்குள் பாறைத் திட்டு இருக்கலாம், பெரிய கப்பல்கள் ஓடும் வழியும் இருக்கலாம்.

இந்த வழிகாட்டி 5 முதல் 7 மீட்டர் நீளமுள்ள, அவுட்போர்டு மோட்டார் பொருத்திய உல்லாசப் படகுகளுக்கானது. காயக்குக்கும், 9 மீட்டருக்கு மேற்பட்ட பாய்மரப் படகுக்கும் கணக்கு வேறு.

எவ்வளவு இழுப்பு வரும்?

கயிறு, சங்கிலி, நங்கூரம் எல்லாவற்றின் அளவையும் முடிவுசெய்வது படகின் எடையைவிட, காற்று அதைப் பிடித்துத் தள்ளும் விசைதான். அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் அட்டவணைப்படி, சுமார் 6 மீட்டர் (20 அடி) படகு ஒன்று 15 நாட் காற்றில் நங்கூரத்தை 40 கிலோ அளவுக்கு இழுக்கும். 30 நாட் காற்றில் 160 கிலோவுக்குச் சற்று மேல். 42 நாட் காற்றில் 330 கிலோவை நெருங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பதைக் கவனியுங்கள். அலையில் படகின் மூக்கு தூக்கிப்போடும்போது ஏற்படும் உதறல் சில இடங்களில் இதையும் மிஞ்சும்.

42 நாட் எல்லாம் நம் ஊரில் ஏது என்று தோன்றலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்றின் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது 43 நாட். ஆகவே 42 நாட் என்ற புயல் கணக்கைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பகல் வேளையில் வெயிலும் தெளிந்த வானமுமாக இருக்கும்போது போடும் நங்கூரத்துக்கும் இது பொருந்தும். சுமத்ரா சூறை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் என்றாலும், எல்லா நேரமும் அப்படியில்லை.

எடையைவிடக் கோணம் முக்கியம்

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து வைப்பதில்லை. 8 கிலோ இரும்பு 330 கிலோ இழுப்பை எப்படித் தாங்கும்? கடல்தரைக்குள் புதைந்து, மண்ணின் எதிர்ப்பால்தான் பிடிக்கிறது. புதைய வேண்டுமானால் இழுப்பு தரைக்கு இணையாக, கிடைமட்டமாக வர வேண்டும். இழுப்பு மேல்நோக்கி வந்தால் அதே நங்கூரம் கழன்று வெளியே வந்துவிடும். நங்கூரத்தைத் தூக்கும்போது நாம் செய்வதே அதுதானே.

கோணத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். படகின் மூக்கிலிருந்து கடல்தரை வரை உள்ள செங்குத்து உயரத்தைப்போல் எத்தனை மடங்கு கயிறு விட்டிருக்கிறீர்கள் என்பதே கணக்கு. கயிறு நேராக இறுகி நிற்கும் நிலையில் 3 மடங்கு விட்டிருந்தால் நங்கூரத்தின்மேல் இழுப்பு சுமார் 19 டிகிரி மேல்நோக்கி வரும். 5 மடங்கில் 11 டிகிரி, 7 மடங்கில் 8 டிகிரி. அமைதியான நீரில், படகில் ஆள் விழித்திருந்து ஒருமணி நேரம் நிற்பதென்றால் 4 மடங்கு தாங்கும். வழக்கத்துக்கு 5 முதல் 7. காற்று எழும்பினால் 7-க்கு மேல், இடமிருந்தால் 10 வரை. வாங்கிய நங்கூரம் சரியில்லை என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்குக் குறை நங்கூரத்தில் இல்லை, கயிற்றில்தான்.

எத்தனை மீட்டர் கயிறு?

இந்தக் கணக்கில் மூன்று விஷயம் விட்டுப்போகும். ஒன்று, ஆழமானி காட்டும் எண் பல படகுகளில் அதன் உணரி இருக்கும் இடத்திலிருந்து எடுக்கப்படுவது, நீர்மட்டத்திலிருந்து அன்று. இரண்டு, நீர்மட்டத்திலிருந்து கயிறு வெளியேறும் அணியம், அதாவது படகின் முன்முனை வரை உள்ள உயரம். மூன்று, ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது.

சிங்கப்பூரில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டியில் அந்த நாள்களைப் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால்தான் நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். நீரோட்டமும் அப்போதுதான் கடுமை. மணி நேரக் கணக்குக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வற்றத்தில் போய் நிற்கிறீர்கள், ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. உணரி நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் கீழே இருக்கிறது. இன்னும் 2.4 மீட்டர் நீர் ஏறப்போகிறது. அணியம் நீருக்கு மேல் 0.8 மீட்டர். கூட்டினால் 7.5 மீட்டர். இதை 5-ஆல் பெருக்கினால் 37.5 மீட்டர், 7-ஆல் பெருக்கினால் 52.5 மீட்டர். வெறும் 4 மீட்டர் என்று நினைத்து 20 மீட்டர் கயிறு விட்டவர், ஏற்றம் வந்த பிறகு மூன்று மடங்குக்கும் குறைவான கயிற்றில் நின்றுகொண்டிருப்பார். காலையில் நன்றாகப் பிடித்த நங்கூரம் மதியம் நழுவுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

30 மீட்டர் கயிறு கொண்ட தயார் பெட்டிகள் கடைகளில் விற்கின்றன. 30 மீட்டரை 7-ஆல் வகுத்தால் 4.3 மீட்டர். அணியத்தின் உயரத்தையும் கழித்தால் மூன்றரை மீட்டர் நீரில்தான் அதை நம்பி நிற்க முடியும். நம் கடலில் அது போதவே போதாது. 6 மீட்டர் சங்கிலியோடு 60 மீட்டர் கயிறு வாங்குங்கள். மீன்பிடிக்க 12, 15 மீட்டர் ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு 100 மீட்டர்.

எந்த நங்கூரம்?

கடல்தரை எது என்று தெரியாமல் நங்கூரம் வாங்கக்கூடாது. ஜொகூர் நீரிணையில், புலாவ் ஊபினைச் சுற்றி, பெரும்பாலும் மென்மையான சேறு. தெற்குத் தீவுகளின் அருகில் மணலும் சேறும் கலந்து இருக்கும். தீவுகளின் விளிம்பில் பவளமும் உடைந்த பவளக் கற்களும். கடல் வரைபடத்தில் ஆழ எண்களுக்கு இடையே தரையின் தன்மையும் குறிக்கப்பட்டிருக்கும். நம் நீர் கலங்கல். கண்ணால் பார்த்துத் தரையைக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

தட்டையாக மடங்கும் இரண்டு அகன்ற தகடுகளைக் கொண்ட டான்ஃபோர்த் வகை, மணலிலும் சேற்றிலும் எடைக்கு மிஞ்சிப் பிடிக்கும். பெட்டிக்குள் தட்டையாக அடங்கும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை, நம் கடலில் அது இன்னும் பெரிதாகத் தெரியும்: இழுப்பின் திசை மாறினால் கழன்றுவிடலாம். கழன்ற நங்கூரத்தின் தகடுகளுக்கு நடுவே சேற்றுக்கட்டியோ சிப்பியோ சிக்கினால் அது மறுபடி புதையாது. அதன் குறுக்குக் கம்பியில் கயிறு சுற்றிக்கொள்வதும் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்பும் இடத்தில் இதை மட்டும் நம்பி உறங்கக்கூடாது.

ஏர்க்கொழுவைப் போன்ற ஒற்றை முனை கொண்ட வகை இரண்டாவது. 1933-இல் ஜெஃப்ரி டெய்லர் வடிவமைத்த சி.கியூ.ஆர். இதன் முன்னோடி, டெல்டா அதன் பின்வந்தது. திசை மாறினால் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். அதற்கும் பிறகு வந்த, குழிந்த கரண்டி முனையும் மேலே வளைந்த கம்பியும் கொண்ட ராக்னா போன்ற புதிய தலைமுறை நங்கூரங்கள் வேகமாகப் புதைகின்றன, திசை மாறினாலும் பெரும்பாலும் தாமாகவே மறுபடி புதைகின்றன. எங்கள் பரிந்துரை இந்த வகைதான். 5 மீட்டர் படகுக்கு 6 கிலோ, 6 முதல் 7 மீட்டர் படகுக்கு 8 முதல் 10 கிலோ. தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் படகு இரண்டு அளவுகளின் எல்லையில் இருந்தால் பெரியதை எடுங்கள்.

பெரும்பாலும் ஊபின் பக்கமே போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஃபோர்ட்ரஸ் என்ற அலுமினிய நங்கூரத்தின் தகடுகளை 32 டிகிரியிலோ 45 டிகிரியிலோ பொருத்தலாம். 45 டிகிரி மென்சேற்றுக்காகவே வைத்தது. எடை குறைவு என்பதால் இரண்டாவது நங்கூரமாகவும் வைத்துக்கொள்ள ஏற்றது. கடினமான தரையில் அந்த 45 டிகிரி புதையாது. 32-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்கு கரங்கள் குடைபோல் மடங்கும் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டு பிடிக்கும், மண்ணில் கோடுபோட்டுக்கொண்டே வரும். காயக்குக்குச் சரி. காளான் வடிவ நங்கூரம் குளத்தில் நிற்கும் சிறு ஓடத்துக்கானது. இரண்டையும் படகின் முக்கிய நங்கூரமாக வைக்காதீர்கள்.

சங்கிலி, கயிறு, இணைப்புகள்

பணம் மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் இது. நங்கூரம் நல்லதாக இருந்து, அதைச் சங்கிலியோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற ஆணி வளையம் உடைந்தாலும் முடிவு ஒன்றுதான்.

சங்கிலிக்கு இரண்டு வேலை. தன் எடையால் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு அழுத்தி வைக்கும். பவளம், சிப்பி, உடைந்த கான்கிரீட்டில் உரசும் பகுதியைத் தாங்கும். நைலான் கயிறு சிப்பி விளிம்பில் சில மணி நேரம் உரசினாலே அறுந்துவிடும். படகின் நீளத்துக்குச் சமமான சங்கிலி குறைந்தபட்சம். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு சுமார் 1.4 கிலோ, 6 மீட்டருக்கு எட்டரைக் கிலோ வரும். கையால் இழுக்க அது பாரமென்றால், 5 மீட்டர் படகுக்கு மட்டும் 6 மில்லிமீட்டருக்கு இறங்கலாம். அது மீட்டருக்கு 0.8 கிலோ.

சங்கிலி வாங்கும்போது கேட்க வேண்டியவை: குட்டைக் கண்ணி, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பளபளவென்று தொங்கும் மெல்லிய சங்கிலிகளில் பல, மின்முலாம் பூசியவை. வேலிக்கும் வாயிற்கதவுக்கும் செய்தவை. கடல்நீரில் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். முக்கியெடுத்த பூச்சு மங்கலான சாம்பல் நிறத்தில், சற்றே சொரசொரப்பாக இருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கயிறு நைலானாக இருக்கட்டும். அது இழுபடும்போது நீளும். அலையிலும், கடந்துபோகும் படகுகள் கிளப்பும் அலையிலும் வரும் உதறலை அந்த நீட்சிதான் வாங்கிக்கொள்கிறது. பாலியஸ்டர் வலிமையானது, ஆனால் அவ்வளவு நீளாது. அதிர்ச்சி நேரே நங்கூரத்துக்கும், படகில் கயிற்றைக் கட்டும் கொம்பான கிளீட்டுக்கும் போகும். மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு, பெரும்பாலும் நீலமோ மஞ்சளோ, மிதக்கும். மிதக்கும் கயிறு உங்கள் புரொப்பெல்லரிலோ அடுத்தவர் புரொப்பெல்லரிலோ சுற்றும். வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும்.

தடிமன் 12 மில்லிமீட்டர். நல்ல மூன்று புரி நைலான் 12 மில்லிமீட்டரில் 2,500 கிலோவுக்கு மேல் தாங்கும். 10 மில்லிமீட்டரும் வலிமையில் போதும்தான். ஆனால் ஈரக் கையால் மெல்லிய கயிற்றை இழுத்துப்பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். நனைந்த நைலான் தன் வலிமையில் பத்து, பதினைந்து சதவீதம் இழக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எட்டுப் புரிப் பின்னல் கயிறு விலை கூடுதல். பெட்டிக்குள் முறுக்கிக்கொள்ளாமல் மென்மையாக விழும். பெட்டி சின்னதாக இருந்தால் அந்தக் கூடுதல் விலை தகும்.

கயிற்றையும் சங்கிலியையும் வெறும் முடிச்சால் இணைக்காதீர்கள். முடிச்சு கயிற்றின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், உரசியும் தேயும். கயிற்று முனையின் புரிகளைப் பிரித்து, திம்பிள் என்ற உலோக வளையத்தைச் சுற்றி, மறுபடி கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்ன வேண்டும். நைலான் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு புரியையும் குறைந்தது ஐந்து முறையாவது நுழையுங்கள்; ஏழு முறை என்றால் நிம்மதி. பின்னத் தெரியாவிட்டால் கடையிலேயே பின்னித் தரச் சொல்லுங்கள்.

ஷேக்கிளில் வேலைச் சுமை பொறித்திருக்க வேண்டும்; 750 கிலோ அல்லது 1 டன். பொறிப்பு இல்லாததைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நங்கூரத்தையும் சங்கிலியையும் கூடவே எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். ஷேக்கிளின் ஆணி சங்கிலிக் கண்ணிக்குள் நுழையாமல் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். ஆணியை இறுக முடுக்கிய பிறகு, அதன் துளையில் கம்பியைச் செலுத்தி ஷேக்கிளின் உடலோடு சுற்றிக் கட்டுங்கள். கட்டாத ஆணி, படகின் ஆட்டத்தில் தானாகக் கழலும். துத்தநாகப் பூச்சுள்ள சங்கிலிக்கு அதே பூச்சுள்ள ஷேக்கிள்தான்; துருப்பிடிக்காத எஃகைச் சேர்த்தால் உப்புநீரில் பூச்சு அரிக்கும். சங்கிலிக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சுழலும் ஸ்விவல் போட்டே ஆக வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இந்த அளவுப் படகுக்குத் தேவையில்லை. உடைய இன்னொரு இடம் கூடுகிறது, அவ்வளவுதான்.

கயிற்றில் 10 மீட்டருக்கு ஒருமுறை அடையாளம் வையுங்கள். வண்ண நூலைக் கயிற்றின் புரிக்குள் நுழைத்துக் கட்டினால் இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம், கயிறு ஓடும்போது கையைக் கிழிக்கும்.

படகில் பொருத்துவது

முன்பக்கக் கிளீட்டின் அடியில் கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். தளத்துக்குக் கீழே போல்ட்டுகள் ஒரு தடித்த தகட்டில் முடிந்திருக்க வேண்டும். வெறும் ஸ்க்ரூவால் ஃபைபரில் அறைந்த கிளீட் புயல் காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். அப்படியானால் நங்கூரம் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கயிற்றின் கடைசி முனையைப் பெட்டிக்குள் உள்ள வளையத்தில் கட்டி வையுங்கள். நேராகக் கட்டாமல் ஒரு மெல்லிய கயிற்றால், தளத்துக்கு மேலே எட்டும் நீளத்துக்குக் கட்டினால், ஆபத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். கட்ட மறந்து, மொத்தக் கயிறும் நங்கூரமும் கடலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாப் படகுத்துறையிலும் உண்டு.

ஒருபோதும் பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போடாதீர்கள். இன்ஜின் எடையும் ஆட்களின் எடையும் அங்கேதான் இருக்கும், பின்சுவரும் தாழ்வு. நீரோட்டம் கயிற்றை இழுக்க, பின்பக்கம் இன்னும் தாழ்ந்து, ஓர் அலை உள்ளே வந்தால் அடுத்த அலைக்குத் தடையே இல்லை. மீன்பிடிக்கும்போது வசதியாக இருக்கிறதென்று பின்னால் கட்டிய படகுகள் நிமிடக் கணக்கில் மூழ்கும்.

எங்கே போடக்கூடாது

கப்பல் வழித்தடங்களிலும், அவற்றின் நுழைவாயில்களிலும் போடக்கூடாது. பெரிய கப்பல்களுக்கென ஒதுக்கிய நங்கூரத் தளங்கள் நமக்கானவை அல்ல. கடலடிக் கேபிள்களும் குழாய்களும் ஓடும் பகுதிகள் வரைபடத்தில் நெளிகோட்டாலும், குறுக்குக்கோடு போட்ட நங்கூரச் சின்னத்தாலும் காட்டப்பட்டிருக்கும். சிங்கப்பூரைச் சுற்றி இவை ஏராளம். தப்பித்தவறிக் கேபிளில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். கயிற்றை அறுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக் கடல்துறை, துறைமுக ஆணையத்துக்குச் சொல்லுங்கள். கேபிளைக் காப்பாற்ற நங்கூரத்தைத் தியாகம் செய்தவருக்குக் கேபிளின் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கையின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. முன்னெச்சரிக்கையோடு நடந்திருந்தால் மட்டும்தான். தடைசெய்த இடத்தில் போட்டுவிட்டு ஈடு கேட்க முடியாது.

பவளத்தின்மேல் போடாதீர்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள நீரோடு, செயின்ட் ஜான்ஸ் தீவு, புலாவ் தெகுகோர் ஆகியவற்றின் மேற்குத் திட்டுகளும் அடங்கும். ஊபின் பக்கத்துக் கெலோங்கு என்ற கடல்மேல் மீன்பிடி மேடைகளும் மீன் பண்ணைகளும் இன்னொரு பொறி. அவற்றைக் கட்டியிருக்கும் கயிறுகள் கண்ணுக்குத் தெரியும் மிதவையைத் தாண்டிப் பல மீட்டர் தூரம் தரையில் ஓடும்.

போடும் முறை

1. இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி ஆழத்தைப் பாருங்கள். மற்ற படகுகள் எந்தத் திசையில் முகம் வைத்து நிற்கின்றன என்று கவனியுங்கள்; உங்கள் படகும் அப்படித்தான் நிற்கும். நீங்கள் 40 மீட்டர் கயிறு விட்டால் அந்த நீளத்தோடு படகின் நீளமும் சேர்ந்த ஆரத்தில் சுற்றுவீர்கள். விடுமுறை நாளில் லாசரஸ் தீவோரம் நெரிசலாக இருந்தால் கயிற்றைக் குறைத்து நெருக்கியடிப்பதைவிட வேறு இடம் தேடுவது மேல்.

2. தேவையான கயிற்றைத் தளத்தில் வளைய வளையமாகப் பரப்புங்கள். முன்னால் போகிறவர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கட்டும்; வளையத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

3. காற்றும் நீரோட்டமும் வரும் திசையை நோக்கி மெதுவாகப் போய், படகு முற்றிலும் நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள். எறிய வேண்டாம். எறிந்தால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும்.

4. நங்கூரம் தரையைத் தொட்டதும் படகு பின்னால் நகரட்டும். நகராவிட்டால் இன்ஜினை ரிவர்ஸில் மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். படகு நகரும் அளவுக்கே கயிறு விடுங்கள்.

5. உயரத்தைப்போல் மூன்று மடங்கு விட்டதும் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டு மெல்ல இறுக்குங்கள். நங்கூரத்தின் முனை தரையைக் கவ்வும். பிறகு ஐந்து, ஏழு மடங்கு வரை விட்டுக் கட்டுங்கள்.

6. ரிவர்ஸில் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, அரை நிமிடம் வையுங்கள். எடுத்ததும் முறுக்கினால் புதையத் தொடங்கிய நங்கூரத்தையே பிடுங்கிவிடுவீர்கள். மென்சேறாக இருந்தால் சில நிமிடம் பொறுத்து, சேறு அமுங்கிய பிறகு இதைச் செய்யுங்கள்.

7. அப்போது கையைக் கயிற்றின்மேல் வையுங்கள். இறுகி அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. தடதடவென்று அதிர்வு வந்தால் நங்கூரம் தரையில் துள்ளித் துள்ளி வருகிறது. எடுத்து, சேற்றைக் கழுவி, வேறு இடத்தில் மறுபடி போடுங்கள்.

படகின் பக்கவாட்டில், கரையில் ஒன்றின்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பமும் அதன்பின் ஒரு மரமும் போதும். அந்தக் கோடு விலகிக்கொண்டே போனால் நழுவுகிறீர்கள். தொலைபேசியில் நங்கூர அலாரம் செயலி இருந்தால் அதையும் போடுங்கள்.

நங்கூரத்தில் நிற்கும் படகு பகலில் முன்பக்கம் ஒரு கருப்பு உருண்டையும், இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு விதியில் விலக்கு உண்டு. ஆனால் அது மற்றக் கலங்கள் வழக்கமாக ஓடாத இடத்துக்கு மட்டும். சிங்கப்பூரில் அப்படி ஓர் இடத்தைத் தேடுவதைவிட விளக்கைப் போட்டுவிடுவது எளிது.

நீர் திரும்பும்போதும் சூறை வரும்போதும்

ஓதம் திரும்பும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அந்த அரை மணி நேரம் தூங்காதீர்கள். படகு சுற்றிவந்து எதிர்த் திசையில் இழுக்கும். நங்கூரம் அப்போதுதான் கழலும். திரும்பி முடிந்ததும் கரைக் குறிகளை மறுபடி பாருங்கள்.

மேற்கில் கருத்த மேகம் வரிசைகட்டி வந்தாலோ, மைஎன்வி செயலியில் மழைப்பட்டை தெரிந்தாலோ, காற்று தொடும் முன்பே வேலையை முடியுங்கள். கயிற்றை 7 மடங்குக்கு மேல் விடுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. இன்ஜினைக் கிளப்பி நியூட்ரலில் வையுங்கள். உங்களுக்குக் கிழக்கே கரையோ பாறையோ நெருக்கமாக இருந்தால் காற்று உங்களை அதன்மேல்தான் தள்ளும், அதனால் அங்கிருந்து முன்கூட்டியே கிளம்பிவிடுவது நல்லது. சூறைக்கு நடுவில் நங்கூரம் நழுவினால், கயிற்றின் பாரம் சற்றுக் குறையும் அளவுக்கு மட்டும் மெதுவாக முன்னோக்கி ஓட்டுங்கள்; கயிற்றைத் தாண்டிப் போனால் அது புரொப்பெல்லரில் சுற்றும். பெரும்பாலான சூறைகள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

எடுப்பதும் மாட்டிக்கொண்டால் விடுவிப்பதும்

கயிற்றைப் பிடித்து ஆறு மீட்டர் படகைக் கையால் இழுக்க வேண்டாம், முதுகு போய்விடும். மெதுவாக நங்கூரத்தை நோக்கி ஓட்டுங்கள்; முன்னால் இருப்பவர் தொய்வை மட்டும் உள்ளே இழுக்கட்டும். கயிறு செங்குத்தானதும் கிளீட்டில் கட்டிவிட்டுக் காத்திருங்கள். படகின் மிதப்பும் அலையும் சேர்ந்து நங்கூரத்தைச் சேற்றிலிருந்து தூக்கிவிடும். வராவிட்டால், கயிற்றை அப்படியே கட்டிவைத்து, நங்கூரம் போட்ட திசைக்கு எதிராக மிகமிக மெதுவாக முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டிலோ பின்பக்கத்திலிருந்தோ இழுக்க வேண்டாம்.

கற்களும் பழைய வலைகளும் கிடக்கும் இடத்தில் மீன்பிடிப்பவர்கள் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் தலைப்பகுதியில், அதாவது தரையில் புதையும் பக்கத்தில், உள்ள துளையில் ஷேக்கிளால் மாட்டி, தண்டு நெடுக ஓடவிட்டு, தண்டின் முனையில் இரண்டு கேபிள் டையால் மட்டும் கட்டுவார்கள். மாட்டிக்கொண்டால் செங்குத்தாக இழுக்க, டை அறுந்து, நங்கூரம் பின்புறமாகக் கழன்று வரும். ஆள் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே இது. சூறையில் அந்த டை அறுந்தால் நங்கூரம் இல்லாததற்குச் சமம்.

கரைக்கு வந்ததும் சங்கிலியையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். உப்புப் படிகங்கள் நைலான் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். ஆண்டுக்கொரு முறை கயிற்றைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் தேய்வு ஒரே முனையில் சேராது. அதற்கு இரண்டு முனையிலும் திம்பிள் பின்னியிருக்க வேண்டும். கயிறு விறைத்துப்போய், புரிகளுக்கு இடையே விரலால் பிரிக்க முடியாத நிலைக்கு வந்தாலோ, மேற்பரப்பு பஞ்சுபோல் நைந்திருந்தாலோ அதைக் கட்டுக்கயிறாக வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள். சங்கிலியில் எந்தக் கண்ணியாவது தன் மூலத் தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். மிச்சம் படகின் நீளத்துக்குக் குறைந்தால் முழுச் சங்கிலியையும் மாற்றுங்கள்.